துடைப்பம் பிடிக்கவா 9 வாரம்?

அமெரிக்கக் கடற்படையில் சிப்பாயாகச் சேர்கிறவர்கள் மிச்சிகன் ஏரிக்கரையில், கிரேட் லேக்ஸ் பூட் கேம்ப்பில் (அடிப்படைப் பயிற்சி முகாமில்) படுகிற பாடு எல்லாருக்கும் தெரியும். கடற்படைக்கு நாட்டிலேயே அது ஒன்றுதான். 2022-ல் 10 வாரமாக நீட்டினார்கள், 2025-ல் 9 வாரமாகக் குறைத்தார்கள். கடைசியில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல், கட்டடத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கும் மாதிரிக் கப்பலில் தீயை அணை, ஓட்டையை அடை என்று விரட்டிவிட்டு, ‘ரெக்ரூட்’ என்று எழுதிய தொப்பியை வாங்கிக்கொண்டு ‘நேவி’ என்று எழுதியதைக் கொடுப்பார்கள். அணிவகுப்பு, போட்டோ, அம்மாவின் கண்ணீர் எல்லாம் உண்டு.

அதற்கடுத்த மாதங்களைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

அடுத்தது தொழில் பயிற்சி. ‘ஏ ஸ்கூல்’ என்பார்கள். எஞ்சின் வேலைக்காரர்களில் பலருக்கு அதே கிரேட் லேக்ஸ், விமான மெக்கானிக்குக்குப் பென்சகோலா, மருத்துவ உதவியாளருக்கு சான் அன்டோனியோ, அணு உலைக்காரருக்குத் தென் கரோலினாவின் கூஸ் க்ரீக். மொத்த யூனிஃபார்மையும் அடைத்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இறங்கினால், “உன் கிளாஸ் இன்னும் ஆரம்பிக்கல, ஹோல்டில் இரு” என்பார்கள். அதாவது வகுப்பு தொடங்கும்வரை எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு காத்திரு என்று அர்த்தம். எத்தனை நாள்? ஒரு வாரமாக இருக்கலாம், சில மாதமும் ஆகலாம். தேதி கேட்டால், “வரும்போது சொல்றோம்.”

இது என்ன புரியாத புதிரா? பள்ளிப் படிப்பு முடிகிற மே, ஜூனை ஒட்டித்தான் ஆள்சேர்ப்பு குவியும். அந்தக் கூட்டம் இலையுதிர் காலத்தில் பூட் கேம்ப்பை விட்டு வெளியே வரும். ஏ ஸ்கூலிலோ பயிற்றுநரும் இருக்கையும் சிமுலேட்டரும் வருஷம் முழுக்க ஒரே அளவுதான். உதாரணத்துக்கு மாதம் ஒரு வகுப்பு, 20 இடம், வருவது 35 பேர் என்று வையுங்கள். முதல் மாதம் 15 பேர் தேங்குவார்கள், மூன்றாம் மாதம் 45. அதன்மேல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் வகுப்பே நிற்கும். ரகசியத் தகவல் கையாளும் பிரிவென்றால் பாதுகாப்பு அனுமதி வரும்வரை வகுப்புக்குள் காலே வைக்க முடியாது. வெளிநாட்டில் உறவு, பழைய கடன் என்று படிவத்தில் ஏதாவது இருந்தால் விசாரணை இன்னும் இழுக்கும். இதெல்லாம் வருஷா வருஷம் நடப்பது. தெரிந்தே நடப்பதற்குத் திட்டம் போடாமல், வந்து சேர்ந்த பிள்ளையின் கையில் மாப்பைக் கொடுப்பதற்குப் பெயர் நிர்வாகமா?

மாப் என்றால் சும்மா துடைப்பதில்லை. சிப்பாய்கள் தங்கும் பாரக்ஸ் தரையில் மெழுகு போடுவது தனிக்கலை. முதலில் பழைய மெழுகை உரிக்கிற கரைசலை ஊற்றி 5 முதல் 10 நிமிஷம் ஊறவிட வேண்டும். காய விட்டால் பசையாக ஒட்டிக்கொள்ளும். தரை தேய்க்கும் பஃபர் மிஷினில் கருப்பு பேடு மாட்டித் தேய்க்கணும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் மிஷின் வலப்பக்கம் ஓடும், தாழ்த்தினால் இடப்பக்கம். இது தெரியாமல் புதுப் பையன் இறுக்கிப் பிடித்துத் தள்ளப் பார்ப்பான், அது அவனையே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதும். அப்புறம் சுத்தத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். கரைசல் மிச்சமிருந்தால் புது மெழுகு மாவாக உதிரும். மெல்லிசாக மூன்று நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய அரை மணி நேரம். அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே அடுத்த பூச்சு போட்டால் தரை பால் கொட்டியதுபோல் வெளுத்துவிடும். “மறுபடி முதல்லேர்ந்து” என்பார் மேற்பார்க்கும் சீஃப். அடுத்த வாரம் அதே தரைதான், அதே உரிப்புதான். ஜெட் எஞ்சின் பிரிக்கத் தெரிய வேண்டிய கைக்கு மூன்று மாதத்தில் வந்த ஒரே தொழில் இது!

ராத்திரியிலும் விடுதலை கிடையாது. முறைபோட்டு டியூட்டி வரும். நடுராத்திரியிலிருந்து விடிகாலை 4 மணிவரை வாசல் மேஜையில் நின்று, மணிக்கொரு தரம் பதிவேட்டில் எழுதணும். விடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்கணும். பூட் கேம்ப் முடித்தவன் என்ற மரியாதையும் இல்லை, மாணவன் என்ற சலுகையும் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வெளியே போய்வர விடும் லிபர்ட்டி நேரமும் உடைக் கட்டுப்பாடும் பள்ளிக்குப் பள்ளி வேறு.

இதில் நிஜமான சேதம் பணத்திலும் ஒழுக்கத்திலும் வருகிறது. 1-ம் தேதியும் 15-ம் தேதியும் சம்பளம், சாப்பாடும் தங்கலும் இலவசம், வயது 19, செய்ய ஒன்றுமில்லை. முகாம் வாசலுக்கு வெளியே கார் கடைக்காரன் அதற்காகவே காத்திருக்கிறான். ராணுவத்தாருக்குக் கடன் வட்டி 36 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் வாங்கும் காரையே அடமானமாக வைத்துப் போடும் கடனுக்கு அது பொருந்தாது. ஓட்டை அங்கேதான். சேர்வதற்கு முன் வாங்கிய கடனுக்கு 6 சதவீத உச்சவரம்பு கேட்கலாம். பணிக்கு அழைத்த ஆணையின் நகலோடு கடன் கொடுத்தவனுக்கு எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். தரை பளபளப்பதற்கு இருக்கிற நேரம் இதற்கு இல்லையாம். 21 வயதாகாமல் பீர் பாட்டிலோடு மாட்டினால் தண்டனை, அதனால் ஏ ஸ்கூல் இடமே பறிபோகலாம். போனால் கடற்படைக்கு எங்கே ஆள் குறைவோ அங்கே தள்ளுவார்கள்.

ஹோல்டில் மாட்டியிருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஞானப்பல் பிடுங்கணுமா, கண்ணாடி மாற்றணுமா, பாக்கி ஊசி இருக்கிறதா, இப்போதே முடியுங்கள். வகுப்பு நடுவில் மூன்று நாள் படுத்தால் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள், மறுபடி மாப்தான். விடுப்பு மாதத்துக்கு 2.5 நாள்தான் சேரும். சேர்ந்து நாலு மாதம் ஆகாமல் கிறிஸ்துமஸுக்கு 10 நாள் ஊருக்குப் போனால் கணக்கு மைனஸில் ஓடும், முன்கூட்டியே வெளியேறினால் அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆணை, மருத்துவப் பதிவு, ஊசிச் சீட்டு எல்லாவற்றுக்கும் காகித நகல் வையுங்கள், கணினியில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மேலே இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தமே இல்லை. காத்திருக்கச் சொல்லுங்கள், காத்திருப்பார்கள். கப்பலில் பாதி வாழ்க்கை அதுதான். ஆனால் பெயருக்கு நேரே வகுப்புத் தேதியை எழுதி மஸ்டர் நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். தள்ளிப்போனால் அடித்துவிட்டுப் புதுத் தேதி எழுதுங்கள். ஒரு தாள், ஒரு பேனா. இதற்குமா பாதுகாப்பு அனுமதி வேண்டும்?