பொந்துக்குள் ஒரு மீன்

(பாளையங்கோட்டைச் சந்தை. உவரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய மீன்காரம்மாளின் கூடைக்கு முன்னால், பிள்ளை பெற்ற மகளுக்குப் பால்சுறா வாங்க வந்த ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கிறார்.)

ஆசிரியர்: தாயி, பவளப்பாறைப் பொந்துகளில் விரல் நீளமே உள்ள ஒரு மீன், முட்டையிடாமல் குட்டி போடுகிறது. பிளீக்கர் என்ற டச்சு மருத்துவர் 1855இலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

மீன்காரம்மாள்: என்ன பெயர், சார்வாள்?

ஆசிரியர்: டைனமேடிக்திஸ் இலுவோசீட்டியாய்டிஸ்.

மீன்காரம்மாள்: அதைக் கூவி முடிப்பதற்குள் மீன் நாறிவிடும்.

ஆசிரியர்: ஆழமில்லாத கடலில்தான் வாழ்கிறது என்றாலும், பகல் முழுவதும் பொந்துக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதால், முக்குளிப்பவர்களின் கண்ணில்கூட அது அகப்படுவது அபூர்வம்.

மீன்காரம்மாள்: போன வாரம் என்னிடம் கடனுக்கு ஊளி வாங்கிப் போன ஒருவரும் அப்படித்தான் எட்டு நாளாகக் கண்ணில் படவில்லை. சரி, எப்படிப் பிடித்தார்களாம்?

ஆசிரியர்: (செருமிக்கொண்டு) பாறைக்குட்டைகளில் மருந்து கலந்து, மயங்கி மிதந்தவற்றை அள்ளினார்கள்.

மீன்காரம்மாள்: எங்கள் பையன்கள் கலந்தால் போலீஸ் வரும், படித்தவர்கள் கலந்தால் ஆராய்ச்சியா?

ஆசிரியர்: அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பார்வைக்குப் பலவும் ஒன்றுபோலவே இருப்பதால், ஆண்மீனின்... அதாவது... கலவி உறுப்பின் அமைப்பை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள்.

மீன்காரம்மாள்: போணி ஆகும் வேளையில் இது என்ன பேச்சு, சார்வாள்? கருவாட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். குட்டி போடும் மீனைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? இதைப் பாருங்கள்.

(தராசிலிருந்து எடுத்த பால்சுறாவின் வயிற்றைக் கீறுகிறாள். சாம்பல் நிறத்தில் மூன்று குட்டிகள், மெல்லிய கொடியோடு வழுக்கிக்கொண்டு வருகின்றன.)

ஆசிரியர்: ஆகா, நம்மைப் போலவே தொப்புள்கொடி! முப்பது வருடம் இதைப் படமாகத்தான் வரைந்து காட்டினேன். (சற்று நேரம் கழித்து) ஆனாலும் நான் விலை பேசியது தாய்க்குத்தான். குட்டிகளைக் கழித்து எடை போடு.

மீன்காரம்மாள்: பிரசவத்துக்கு முன்னால் உங்கள் மகளை எடை பார்த்த நர்சம்மாள், பேரனைக் கழித்துவிட்டா எழுதினார்?

ஆசிரியர்: சரி, சரி. பணத்தை ஊளிக் கணக்கோடு சேர்த்து எழுதிக்கொள். அடுத்த வாரம் நானே வருகிறேன்.

மீன்காரம்மாள்: நீங்கள் பொந்துக்குள் போனாலும் நான் மருந்து கலக்க மாட்டேன், சார்வாள். நேரே வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடமே கேட்டுவிடுவேன்.