"என்னைச் சந்தேகப்படுகிறாயா?"

என் சித்தியின் மகள் உப்புவெளியில் இருக்கிறாள். கணவருக்குக் கத்தாரில் வேலை. போன முறை அவர் விடுமுறையில் வந்த இரவு, ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள். "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்று திரும்பிப் படுத்தவர் மூன்று நாட்கள் முகம்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் அவளே மன்னிப்புக் கேட்டாள். எதற்கு மன்னிப்பு? அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

சந்தேகம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன வேலை? உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற நோய் தொற்றிய பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் அது கருக்குழாயைக் கெடுத்துப் பிள்ளைப்பேற்றையே தடுத்துவிடலாம். எச்.ஐ.வி. பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் தங்கியிருக்கும். தனக்குத் தொற்று இருப்பது தனக்கே தெரியாதவர் பொய் சொல்கிறவர் அல்லர். அது கணவனாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம்.

கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி.யோ சிபிலிஸ் என்ற பாலியல் நோயோ இருக்கிறதா என்று பார்க்க, வருகிற தாய்மார் எல்லோரிடமும் இரத்தம் எடுக்கிறார்கள். எந்தத் தாயும் 'என் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறீர்களா' என்று சண்டை பிடிப்பதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அப்படிக் கை நீட்டிய தாய்மாரால் கிடைத்த சான்று அது. பிள்ளைக்காக மனைவி நீட்டிய கையை, மனைவிக்காகக் கணவர் நீட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஆணுறையைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்கிறேன். திருகோணமலை வெயிலில் மாதக்கணக்காகப் பர்சிலோ மோட்டார் சைக்கிளிலோ கிடந்ததை நம்ப வேண்டாம். காலாவதித் திகதியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பூசவே கூடாது. இறப்பர் சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும். 72 மணித்தியாலத்துக்குள் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கப் பார்க்கும், தொற்றைத் தடுக்காது.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது அந்த மூன்று நாள் மௌனம். அவள் கேட்டது தன் உடம்பைப் பற்றி. அதற்கு அவர் கொடுத்தது தண்டனை. அடுத்த முறை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் மனைவியைத் தவிர, கணவன் மனைவியை வல்லுறவு செய்வதை 1995 இல் திருத்தப்பட்ட நம் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகக் கொள்ளவில்லை. சட்டமே காக்காத இடத்தில் அவளுக்கு மிஞ்சுவது கணவரின் மரியாதை ஒன்றுதான். பயந்து பேசாமல் கிடப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஆண்களை நான் மன்னிக்கமாட்டேன். அவர்களில் என் உறவினரும் இருக்கிறார்கள், இதை வாசிக்கட்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அவர் மறுபடி வருகிறார். வருவதற்கு முன்னரே தொலைபேசியில் பேசிவிடு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். 'நீங்கள் பரிசோதியுங்கள்' என்றல்ல, 'நாம் இருவரும் போவோம்' என்று. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசு வாங்குவதில்லை, விவரத்தை இரகசியமாக வைத்திருப்பார்கள். அவர் மறுத்தாலும் அவள் தனியாகப் போக வேண்டியதில்லை. நான் கூடப் போகிறேன்.