திருச்சி வரை தள்ளிப்போடாதீர்கள்

மின்சார காரில் சென்னை–மதுரை போக திருச்சியில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் இதை அப்படியே நம்ப வேண்டாம். திருச்சியே 320 கி.மீ.க்கு மேல். 40 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி வண்டி ஏசி போட்டுக்கொண்டு நூறில் ஓடினால் அவ்வளவு தூரம் தாங்காது. விக்கிரவாண்டி அல்லது உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு முறை கட்டாயம் நிறுத்துங்கள். 80 சதவீதம் ஏறியதும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், அதற்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். பின்னால் காத்திருப்பவருக்கும் புண்ணியம்.

சார்ஜரின் கிலோவாட்டை, அதாவது எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதை, பார்ப்பது ரொம்ப முக்கியம். அந்த 40 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 28 யூனிட் வேண்டும். 30 கிலோவாட் மெஷின் என்றால் ஒரு மணி நேரம் பிடிக்கும். 60 என்று எழுதியிருந்தாலும், இரண்டு கன் (வண்டியில் மாட்டும் சார்ஜிங் பிளக்) உள்ள மெஷினில் பக்கத்து வண்டியும் மாட்டியிருந்தால் பல இடங்களில் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். திரையில் எவ்வளவு ஏறுகிறது என்று ஓடும், மாட்டியதும் அதைப் பாருங்கள்.

பொங்கல், தீபாவளிக் கூட்டத்தில் 20 சதவீதமாவது மிச்சம் இருக்கும்படி போய்ச் சேருங்கள். அங்கே மெஷின் ஓடாவிட்டாலும் அடுத்த இடத்துக்கு வண்டி போய்விடும்.