அப்பா மன்னிக்காத ராஜாஜி

அப்பாவுக்குக் கடைசி வரை ராஜாஜி என்றால் ஆகாது. பெயர் காதில் விழுந்தாலே முகம் மாறிவிடும். கட்சி காரணமில்லை. 1953-இல் அவர் இரண்டாம் வகுப்பு. சேலம் பக்கம் நெசவாளர் ஊர். அந்த ஆண்டு முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த புதுக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். சிலேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அப்பா இராட்டை முன்னால் உட்காருவார். தறிக்குத் தார், அதாவது ஊடை நூல் கண்டு, சுற்றித் தர வேண்டும். நூல் அறுந்தால் தாத்தாவிடம் திட்டு. அதே நேரத்தில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் தன் அப்பாவிடம் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுவான். "அவனுக்கு வீட்டிலயும் படிப்பு, எனக்கு வீட்டில நூலு" என்பார் அப்பா. அந்தத் திட்டத்தின் அநியாயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வீட்டில் பிறந்த நான்தான் பல வருடங்களாக ராஜாஜியை விடாமல் படித்து வருகிறேன். என் நண்பர்கள் சிலருக்கு இது புரிவதில்லை. இன்று கொஞ்சம் விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

ராஜாஜிக்கு அறமும் கடவுள் நம்பிக்கையும் சுதந்திரமும் வேறு வேறு இல்லை. ஒருவன் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அளவுக்குத்தான் அரசாங்கம் அவனை விட்டு விலகி நிற்க முடியும். உள்ளே காவல் இல்லாவிட்டால் வெளியே போலீஸ் பெருகிக்கொண்டே போகும். நான் அவரிடம் புரிந்துகொண்டது இது. கீதையும் உபநிடதமும் அவருக்குப் பூஜை அறைச் சமாச்சாரமாக இருந்ததில்லை, குடிமகனுக்கான பயிற்சியாக இருந்தன. அந்த நம்பிக்கையால் அவர் தன்னைக் கட்டிக்கொண்ட இடங்களில் மலை போல நிற்கிறார். அதே கயிற்றை எடுத்து அடுத்தவர் மேல் போட்ட இடங்களில் சறுக்கி விழுகிறார்.

1942-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸே ஒரு பக்கம் நின்றபோது, முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுப் பேசித் தீர்ப்போம் என்றார். அலகாபாத்தில் காங்கிரஸ் கமிட்டி அவருடைய தீர்மானத்தை 120-க்கு 15 என்று தோற்கடித்தது. கட்சியை விட்டு வெளியேறினார், சட்டமன்றப் பதவியையும் விட்டார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்திலும் சேரவில்லை. துரோகி என்று ஏசினார்கள். யாரை 'என் மனசாட்சிக் காவலர்' என்று காந்தி சொன்னாரோ அவரே காந்திக்கு எதிராக நின்றார். அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றும் வாதம் செய்யலாம். ஆனால் அதற்கான விலையைத் தானே கொடுத்தார், வேறு யார் தலையிலும் கட்டவில்லை.

சுதந்திராக் கட்சியும் அப்படித்தான். 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. விவசாயியின் நிலம் கைவிட்டுப் போகும் வழி இது என்று ராஜாஜி கொதித்தார். அப்போது அவருக்கு 80 வயது. கவர்னர் ஜெனரல் பதவி வரை பார்த்தாயிற்று, பாரத ரத்னா வாங்கியாயிற்று. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டிய காலத்தில், நேரு என்ற பெயருக்கு எதிராக யாரும் வாய் திறக்கத் தயங்கிய நாட்டில், ஒரு கட்சியைத் தொடங்கினார். அது 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்தது.

'பெர்மிட், லைசன்ஸ், கோட்டா ராஜ்யம்' என்ற அவருடைய சொல்லை இப்போது பொருளாதாரம் பேசுபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் மனதில் அது அறநெறிப் புகார். அனுமதிச் சீட்டு கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவன் கொஞ்ச நாளில் எஜமானாகிறான்; எதிரே நிற்பவன் கையைக் கட்டிக்கொள்கிறான், அல்லது கையில் கவர் கொண்டுவருகிறான். இரண்டு பேருமே மனிதர்களாகக் குறைந்துபோகிறார்கள். 1952 ஜூனில், முதலமைச்சராகி இரண்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, உணவு தானியங்கள் மீதிருந்த ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். பதுக்கல் பெருகும், பஞ்சம் வரும் என்று பயமுறுத்தினார்கள். ஜனங்களை நம்பினார்.

சுதந்திராக் கட்சியின் கொள்கைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒன்று. அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர்கள் தங்கள் மனசாட்சிப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். தலைமை கண் ஜாடை காட்டினால் கை தூக்குவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது கதை மாதிரி இருக்கும். மனசாட்சி ஒரு கட்சியின் சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்தது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது அவருக்கே அவமரியாதை.

1938-இல், சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். எதிர்த்தவர்கள் மேல் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தைப் பாய்ச்சினார். வெள்ளைக்காரன் கையில் இருந்தபோது காங்கிரஸ்காரர்கள் அடக்குமுறைச் சட்டம் என்று சாடிய அதே சட்டம். பெரியார் சிறைக்குப் போனார். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்தின்போதே நோயுற்று இறந்தார்கள். 1951-இல் மத்திய உள்துறை அமைச்சராகப் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான். பின்னாளில் இந்தித் திணிப்பை அவரைப் போல எதிர்த்தவர் டெல்லியில் பேர் சொல்லும் தலைவர்களில் குறைவு. மாறினார், நல்லது. ஆனால் அந்த இரண்டு இளைஞர்களுக்கு அந்த மாற்றம் வந்து சேரவில்லை.

ஆட்சியில் உட்கார்ந்தபோதெல்லாம் அவருக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது: எனக்கு நல்லது தெரியும், என் நோக்கம் சுத்தம், ஆகவே கட்டளையிடலாம். நோக்கம் சுத்தமாகத்தான் இருந்தது, அதை நான் சந்தேகிக்கவில்லை. வேட்டி சேலை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று மத்திய அரசோடு மல்லுக்கு நின்றவர் அவர். அதற்காகத் தாத்தா அவரைக் கும்பிட்டார். தாத்தா கும்பிட்ட அதே மனிதரை அப்பா வெறுத்தார். ஒரே வீட்டில், ஒரே தறிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு.

மதுவிலக்கில் மட்டும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். சாராய வருமானம் போனதும், அந்தப் பள்ளத்தை மூட 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கொள்கை வேண்டுமென்றால் அதற்கான பணத்தை நேர்வழியில் தேடு என்ற அந்த நேர்மை இன்று எந்த அரசுக்கும் இல்லை. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும், 92 வயதில், கொட்டும் மழையில் கலைஞர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கெஞ்சினார். 1967-இல் எந்தக் கட்சி ஆட்சிக்கு வரக் கூட்டணியில் கை கொடுத்தாரோ, அந்தக் கட்சியின் முதல்வரிடம். மனிதனின் சுதந்திரம் பேசியவர் அவன் குடிப்பதை மட்டும் அரசு தடுக்கலாம் என்றது முரண்தான். ஆனால் குடித்துவிட்டு வருபவனிடம் அடி வாங்கும் பெண்ணின் சுதந்திரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அவருடைய எழுத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பக்கம் ஒன்று உண்டு. 1922 ஜனவரியில் வேலூர்ச் சிறையில் இருந்தபடி நாட்குறிப்பில் எழுதியது. சுயராஜ்யம் வந்ததும் நல்லாட்சி வந்துவிடாது, தேர்தல்களும் அவற்றின் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத் திறமையின்மையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று சொல்கிறார். விடுதலைக்கு 25 வருடம் முன்னால்! ஒரே நம்பிக்கை என்று அவர் அதில் சொல்வது, எல்லோருக்கும் கல்வி. நல்லொழுக்கமும் தெய்வ பயமும் அன்பும் குழந்தைப் பருவத்திலிருந்தே வளரும்படியான கல்வி.

அப்பா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் ஒருநாள் இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன், யார் எழுதியது என்று சொல்லாமல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாரு கண்ணு எழுதினது?" என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வை ஓரத்தை நூல் பிடிப்பது போல உருட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாருக்கும் படிப்புங்கற எடத்த இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன்.

"அப்ப, தெரிஞ்சுதான் இருந்திருக்கு அவருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.