தேதி ஒன்று, நாள் வேறு

உங்கள் வரலாற்றுத் தேதிப் பட்டியலில், 'ஏப்ரல் 23, 1616: ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸ் ஒரே நாளில் மறைவு' என்று இங்கிலாந்து, ஸ்பெயின் எழுத்தாளர்கள் இருவரைப் பற்றிப் போட்டிருக்கிறீர்கள். தேதி ஒன்றுதான், நாள் வேறு. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்கம் நடந்த நாள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஷேக்ஸ்பியர் பிறந்ததும் 23-இல் என்பது மரபுதான். பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26-இல் நடந்த ஞானஸ்நானம் மட்டுமே.

ஜூலியன் தேதியைக் கிரிகோரியனுக்கு மாற்றிப் போடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 10 நாள் கூட்டிவிடுகிறார்கள். 1700, 1800, 1900 மூன்றும் ஜூலியனில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் இல்லை. அதனால் இடைவெளி 1700 பிப்ரவரி வரை 10, அதன்பின் 11, 1800 மார்ச் முதல் 12, 1900 மார்ச் முதல் 13. ரஷ்யப் புரட்சியின் 1917 அக்டோபர் 25, நவம்பர் 7 ஆனது இப்படித்தான்.

பழைய இங்கிலாந்துத் தேதிகளில் இன்னொரு வில்லங்கம்: அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல். ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள தேதிகளுக்கு ஆண்டையும் ஒன்று கூட்ட வேண்டும். அமெரிக்கா அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்ததால், ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது அன்றைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

நேர மண்டலத்தையும் பாருங்கள். அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது அமெரிக்காவில் 1969 ஜூலை 20, இந்தியாவில் 21 அதிகாலை 1.47 மணி. சம்பவம் நடந்த இடத்தின் தேதியா, நம் ஊர்த் தேதியா என்று ஒரு விதி வைத்துக்கொண்டு பட்டியல் முழுக்க அதையே பின்பற்றுங்கள். 1582 முதல் 1752 வரையிலான இங்கிலாந்துத் தேதிகளுக்குப் பக்கத்தில் 'பழைய முறை' என்று குறித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.