நூறு ரூபாய் ஸ்பீக்கர் போதும்

பெங்களூரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் முதலில் சுற்றிக் காட்டுவது லேபைத்தான். கண்ணாடி பீரோவுக்குள் சீல் பிரிக்காத கிட் பெட்டிகள், சுவரில் ஸ்மார்ட் போர்டு. போர்டில் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடும், பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பார்கள்.

மின்சாரத்தையும் ஒலியையும் புரியவைக்க இவ்வளவு ஜோடனை தேவையில்லை என்பது என் கட்சி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன ஸ்பீக்கர், ஒரு டார்ச் செல், கொஞ்சம் வயர், பழைய அரம் ஒன்று. சரி, அரம் எதற்கு?

அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம், செல்லை ஸ்பீக்கரில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை முதலில் எழுதி வைக்கச் சொல்வேன். விடாமல் சத்தம் வரும் என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள். வயரைத் தொட்டதும் ‘டப்’. அப்புறம் ஒன்றுமில்லை. எடுத்தால் இன்னொரு ‘டப்’. கூம்புக் காகிதத்தில் விரலை லேசாக வைத்தால், அது ஒரு பக்கம் நகர்ந்து அப்படியே நிற்பது தெரியும். செல்லைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பக்கம்.

“ஆன்ட்டி, கரண்ட் போயிட்டுதானே இருக்கு, சத்தம் ஏன் நின்னுடுச்சு?”

இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு அரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். செல்லின் ஒரு வயரை அரத்தோடு இறுக்கிக் கட்டி, ஸ்பீக்கர் வயரின் நுனியை அரத்தின் மேல் இழுத்தால், பல்லுக்குப் பல் இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கும். ‘கர்ர்ர்’. வேகமாக இழுத்தால் சுருதி ஏறும். மின்னோட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருந்தால்தான் காகிதம் அதிரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு பையன் ஸ்பீக்கரின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, “8 ஓம்னு போட்டிருக்கு, 7தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க” என்றான். அந்த 8, மாறும் மின்னோட்டத்துக்கான கணக்கு; மீட்டர் அளப்பதோ மாறாத மின்னோட்டத்தில். பன்னிரண்டாம் வகுப்புச் சமாச்சாரம், கேட்டது ஏழாம் வகுப்பு!

1933இல் இந்த ஊருக்கு வந்த சி.வி. ராமன், மறு ஆண்டே மிருதங்கம், தபலாவின் அதிர்வுகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தோலின் மேல் மணலைத் தூவி, எங்கே அதிர்கிறது, எங்கே அதிரவில்லை என்று பார்த்த மனிதர். நாமோ தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 அன்று அவர் படத்தைச் சார்ட் பேப்பரில் ஒட்டுவதோடு சரி.

போர்ஷன் முடியாது என்பார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பீரியடுக்குள் வகுப்பு முழுவதற்கும் வயர் மாட்டிக் காட்டுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமா? தடுக்கி விழுந்தால் என்ஜினியர் மேல் விழும் ஊர் இது. பெற்றோரில் நாலு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை லேபில் போய் நிற்கலாம், பள்ளி உள்ளே விட்டால். ஒரே நிபந்தனை: செல் மட்டும்தான், ப்ளக் பாயின்ட் பக்கம் யாரும் போகக்கூடாது.