ஸ்வெட்டர் கடைக்கு ஒரு மணி நேரம், பிரிக்கெனுக்கு 20 நிமிஷமா?

வயிறு எரியுதுங்க, இதை எழுதாம இன்னைக்கு எனக்குத் தூக்கம் வராது. என் வீட்டுக்காரர் மினசோட்டாக்காரர், பூர்வீகம் நார்வே. மாமனாருக்கு 79 வயசு, கைத்தடி இல்லாம நடக்க முடியாது. அவரோட தாத்தா 1882ல பெர்கன்ல இருந்துதான் கப்பல் ஏறினாரு, நார்வேல இருந்து ஜனங்க அதிகமா கிளம்பிப் போன வருஷமே அதுதான். பெர்கன்ல இருந்து இங்கிலாந்து ஹல், அங்கிருந்து ரயில்ல லிவர்பூல், அப்புறம் அட்லாண்டிக்னு அந்த வழிய எத்தனை தடவ எனக்குச் சொல்லியிருப்பாரு தெரியுமா, அந்த பெர்கன் ஊர ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துடணும், அவ்ளோதான் அவர் ஆசை.

அவரால ரொம்ப தூரம் நடக்க முடியாதேன்னுதான் பெர்கன்ல வேனோட அரைநாள் டூர் புக் பண்ணோம். துறைமுகத்து ஓரமா பழைய மரவீடுங்க வரிசையா இருக்கற பிரிக்கென்ல இறக்கிவிட்ட உடனே கைடு சொல்றான், 20 நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்கன்னு. 20 நிமிஷமா? 1702ல எரிஞ்சு போனப்புறம் அதே இடத்துல பழையபடியே கட்டின மரவீடுங்க, இன்னைக்கு 62 கட்டடம்தான் மிச்சம், 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. வடக்குல உப்பே போடாம காத்துல காயவச்ச காட் மீன் கருவாட்ட வாங்கி ஐரோப்பா பூரா வித்த ஜெர்மன் வியாபாரிங்க நூத்துக்கணக்கான வருஷம் இருந்த இடம், தீப்பிடிச்சிடும்னு குளிர்காலத்துல கூட வீட்டுக்குள்ள நெருப்பு மூட்ட விடமாட்டாங்களாம், அந்தக் குளிர்ல! இதுல ஒரு வார்த்தை அவன் சொல்லல, எல்லாம் நாங்களே படிச்சுட்டுப் போனது.

மாமனார் மெதுவா அந்த சந்துக்குள்ள போனாரு. கீழயும் பலகை, மழைல வழுக்குது, ரெண்டு பக்கமும் சாஞ்ச மாதிரி மரச்சுவரு. ஒரு இடத்துல நின்னு உள்ளங்கைய சுவத்துல வச்சாரு, தாத்தாவும் இதப் பாத்துட்டுத்தானே போயிருப்பாருன்னு சொல்லிட்டு இருக்கும்போதே அவன் பின்னாடி வந்து கையத் தட்டி டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு கத்துறான். தப்பு பண்ணின பையன் மாதிரி வெடுக்குன்னு கைய எடுத்துட்டாருங்க. அத நெனச்சாதான் எனக்கு இப்பவும் ஆத்திரம் ஆத்திரமா வருது.

சரி, அடுத்து எங்கயோ முக்கியமான இடத்துக்குப் போறோம்னு பாத்தா, 1261ல ராஜா வீட்டுக் கல்யாணம் நடந்த ஹோகன்ஸ்ஹாலன்ங்கற பழைய கல் மண்டபம், அத வண்டிக்குள்ள இருந்தே இடது பக்கம் பாருங்கன்னு காட்டிட்டு நேரா ஸ்வெட்டர் கடை. அங்க முழுசா ஒரு மணி நேரம்! டிரைவர் வேனப் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாரு, வெளிய மழை, உள்ள உக்கார ஒரு நாற்காலி கிடையாது, 79 வயசு மனுஷன் பொம்மை அடுக்கின அலமாரிய புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கமிஷன் வாங்காம இது நடக்குமா சொல்லுங்க? கடைக்குப் போவோம்னு புக் பண்ணும்போது ஒரு வரி போட்டிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம்.

மறுநாள் காலைல ஆறரைக்கு டாக்சி புடிச்சு நாங்களே பிரிக்கெனுக்குப் போனோம். சுற்றுலாக் கப்பல் கூட்டம் இன்னும் இறங்கல. புலம்பெயர்ந்தவங்க பதிவேட்டுல தாத்தா பேர் இருக்கற பக்கத்தோட பிரிண்ட்டவுட்ட மாமனார் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தாரு, அதக் கைல வச்சுக்கிட்டு தண்ணி ஓரமா எவ்ளோ நேரம் நின்னாருன்னு தெரியல, யாரும் அவர அவசரப்படுத்தல. அந்த டாக்சி காசுதான் செலவு. டூர் காசத் திருப்பிக் கேட்டு மூணு மெயில் போட்டாச்சு, பதில் இல்ல, நாலாவது இப்ப போடப்போறேன்.